கணினியின் ஹார்டுவேர் ஐடியை நிரல் வழியே எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லைசென்ஸ் பூட்டு போட, எந்தக் கணினியிலிருந்து தரவு வருகிறது என்று தெரிந்துகொள்ள, ஒரே ஆள் பத்துக் கணக்கு திறப்பதைத் தடுக்க என்று ஏதோ ஒரு காரணத்துக்காக, மென்பொருள் எழுதும் எல்லோரும் ஒருநாள் இந்த வேலைக்கு வந்து சேர்கிறோம். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றையும், நானே தப்பு செய்து கற்றுக்கொண்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கட்டளை, கிளாஸ், கோப்புப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்; தட்டச்சு செய்யும்போது அதனதன் மூல எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹார்டுவேர் ஐடி என்பது சரியாக எந்த எண்?

அப்படி ஒரே ஒரு எண் கிடையாது. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கார் சேஸிஸில் எண் பொறித்திருப்பதுபோலக் கணினிக்குள்ளும் எங்கோ ஓர் எண் இருக்கும், அதை எடுத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் மதர்போர்டுக்கு ஒரு எண், டிஸ்க்குக்கு ஒன்று, நெட்வொர்க் கார்டுக்கு ஒன்று, இயங்குதளம் நிறுவப்பட்டபோது உருவானது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு. டிஸ்க்கை மாற்றினால் ஒன்று போகும், விண்டோஸை மறுபடி நிறுவினால் இன்னொன்று போகும்.

அதனால் நிரலைத் தொடும் முன்பு ஒரு கேள்விக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எது மாறினால் "இது வேறு கணினி" என்று சொல்வீர்கள்? டிஸ்க் மாறினாலா, மதர்போர்டு மாறினாலா, விண்டோஸ் புதிதாக ஏறினாலா? பதில் கிடைத்துவிட்டால் நிரல் பத்து வரிக்கு மேல் போகாது. பதில் இல்லாமல் எழுதிய நிரலைத்தான் ஆறு மாதம் கழித்து வாடிக்கையாளர் போன் போட்டுத் திட்டுவார்.

விண்டோஸில் சுலபமான வழி எது?

விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஹெச்கீ லோக்கல் மெஷின், அதற்குள் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், கிரிப்டோகிராஃபி என்று போனால் மெஷின்ஜியுஐடி என்று ஒரு மதிப்பு இருக்கும். அட்மின் உரிமை தேவையில்லை, எந்த மொழியிலும் இரண்டு மூன்று வரியில் படித்துவிடலாம், கண் இமைக்கும் நேரத்தில் பதில் வரும். சாதாரண வேலைகளுக்கு நான் முதலில் கை வைப்பது இதில்தான்.

இதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. முதலாவது, உங்கள் நிரல் 32-பிட்டாக இருந்து விண்டோஸ் 64-பிட்டாக இருந்தால், ரெஜிஸ்ட்ரி உங்களை ஓசைப்படாமல் வேறொரு கிளைக்குத் திருப்பிவிடும். அங்கே இந்த மதிப்பு இருக்காது. "என் கணினியில் வருகிறது, அவர் கணினியில் வெற்றாக வருகிறது" என்ற புகார்களில் பெரும்பகுதி இதுதான். ரெஜிஸ்ட்ரிக் கிளையைத் திறக்கும்போதே 64-பிட் பார்வை வேண்டும் என்ற கொடியை (ஃபிளாக்) சேர்த்துத் திறந்தால் சரியாகிவிடும்.

இரண்டாவதில் நான் நன்றாக விழுந்து எழுந்திருக்கிறேன். ஒரு பயிற்சிக் கூடத்துக்கு மென்பொருள் கொடுத்திருந்தோம். நாற்பது கணினிகள். லைசென்ஸ் சர்வரில் பார்த்தால் ஒரே ஒரு கணினிதான் பதிவாகியிருக்கிறது, ஆனால் நாற்பதிலும் மென்பொருள் ஓடுகிறது. அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது: ஒரு கணினியில் எல்லாவற்றையும் நிறுவி, அந்த டிஸ்க்கை அப்படியே மற்ற முப்பத்தொன்பதுக்கும் நகல் எடுத்திருக்கிறார்கள். மெஷின்ஜியுஐடி விண்டோஸ் நிறுவும்போது உருவாகும் எண் இல்லையா, அதுவும் நகலோடு போய்விட்டது. நகல் எடுக்கும் முன்பு, அந்த நிறுவலுக்கே உரிய எண்களை நீக்கும் சிஸ்ப்ரெப் என்ற விண்டோஸ் கருவியை ஓட்டியிருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது. ஆனால் ஓட்டினார்களா இல்லையா என்பது உங்கள் கையில் இல்லை.

ஆக இது விண்டோஸ் நிறுவலின் எண்ணே தவிர, ஹார்டுவேரின் எண் அல்ல.

அப்போது உண்மையான ஹார்டுவேர் எண் வேண்டுமென்றால்?

மதர்போர்டின் ஃபர்ம்வேர் (போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்), எஸ்எம்பயாஸ் என்ற அட்டவணையில் தன்னைப் பற்றிய விவரங்களை எழுதி வைத்திருக்கும். அதில் 16 பைட் நீளமுள்ள யூயூஐடி (வேறெதற்கும் வராத அடையாள எண்) ஒன்று உண்டு. விண்டோஸை எத்தனை தடவை அழித்து நிறுவினாலும் இது மாறாது. பவர்ஷெல்லில் கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் கட்டளையோடு வின்32_கம்ப்யூட்டர்சிஸ்டம்ப்ராடக்ட் என்ற கிளாஸைக் கேட்டால், யூயூஐடி என்ற பண்பில் இது வரும். மதர்போர்டின் சீரியல் எண் வேண்டுமென்றால் வின்32_பேஸ்போர்டு, பயாஸ் வழியே தயாரிப்பாளர் கொடுத்த சீரியல் வேண்டுமென்றால் வின்32_பயாஸ். இந்தக் கிளாஸ்களுக்கு உள்ளிருந்து பதில் சொல்லும் டபிள்யூஎம்ஐ என்ற விண்டோஸ் சேவை சில கணினிகளில் பழுதாகிக் கிடக்கும், அல்லது பதில் சொல்ல மெத்தனமாக இருக்கும். அப்படிப்பட்ட இடங்களில் கெட்சிஸ்டம்ஃபர்ம்வேர்டேபிள் என்ற விண்டோஸ் ஃபங்ஷனைக் கூப்பிட்டு அட்டவணையையே நேரடியாக வாங்கிப் பிரித்துப் படிக்கலாம். வேலை கொஞ்சம் கூடுதல், நம்பகம் அதிகம்.

பிரபல நிறுவனங்களின் மடிக்கணினிகளில் இது நன்றாகவே இருக்கும். உதிரிப் பாகங்களை வாங்கிப் பொருத்திய கணினிகளில்தான் வேடிக்கை. சீரியல் இருக்க வேண்டிய இடத்தில் "டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்." என்று எழுதியிருக்கும். அதாவது தயாரிப்பாளர் நிரப்ப வேண்டும், நிரப்பவில்லை. "டிஃபால்ட் ஸ்ட்ரிங்" என்றும் வரும். யூயூஐடி என்று 03000200-0400-0500-0006-000700080009 வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். அது பல போர்டுகளில் அப்படியே விடப்பட்ட இயல்பு மதிப்பு. உங்கள் வாடிக்கையாளர்களில் பத்துப் பேருக்கு அதே எண் வரலாம். எல்லா பைட்டும் சுழியம் என்றால் எண் இல்லை என்று பொருள். எல்லாம் எஃப்எஃப் என்றால் இன்னும் எழுதப்படவில்லை, பிறகு எழுதலாம் என்று பொருள். இப்படிப்பட்ட மதிப்புகளை ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு, வந்தால் நிராகரித்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள். இந்தச் சோதனை இல்லாத நிரலைச் சந்தைக்கு அனுப்பாதீர்கள்.

ஒரே கணினி, ஆனால் லினக்ஸில் ஒரு யூயூஐடி, விண்டோஸில் வேறு யூயூஐடி வருகிறதே?

உற்றுப் பாருங்கள், எண் வேறல்ல, பைட்டுகளின் வரிசைதான் வேறு. ஒன்றில் 00112233-4455-6677 என்று ஆரம்பித்தால் மற்றதில் 33221100-5544-7766 என்று ஆரம்பிக்கும். அதன் பிறகு வரும் பகுதி இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். முதல் மூன்று பகுதிகளைக் கடைசி பைட்டிலிருந்து எழுத வேண்டும் என்று எஸ்எம்பயாஸ் 2.6 பதிப்பில்தான் தெளிவுபடுத்தினார்கள். பழைய ஃபர்ம்வேரும் பழைய கருவிகளும் அவரவர் இஷ்டப்படி படித்தன. இரண்டு இயங்குதளங்களிலும் ஓடும் மென்பொருள் என்றால், சர்வரில் ஒப்பிடும்போது இரண்டு வடிவத்தையும் சோதித்துவிடுங்கள்.

டபிள்யூஎம்ஐசி கட்டளை திடீரென்று வேலை செய்யவில்லை. ஏன்?

டபிள்யூஎம்ஐயைக் கட்டளை வரியிலிருந்து கேட்க உதவிய அந்தக் கருவியை ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள். 2021 வாக்கிலேயே இனி இதை வளர்க்கப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவினால் அது இயல்பாக வருவதில்லை. இணையத்தில் கிடைக்கும் பழைய விடைகளில் பாதி இந்தக் கட்டளையை ஓட்டி அதன் வெளியீட்டை வெட்டி எடுப்பவைதான். அவற்றை நகலெடுக்காதீர்கள். இருந்த காலத்திலும் அது தொல்லைதான்: வரி முடிவில் ஒரு கூடுதல் கேரேஜ் ரிட்டர்ன் ஒட்டிக்கொண்டு வரும், கண்ணுக்குத் தெரியாது, சேமித்த எண்ணோடு ஒப்பிட்டால் பொருந்தாது. டபிள்யூஎம்ஐ அப்படியே இருக்கிறது. கட்டளை மட்டும்தான் போய்விட்டது. நிரலிலிருந்து நேரடியாக அதைக் கேளுங்கள்.

சிபியு ஐடியை எடுத்தால் போதாதா?

போதாது. வின்32_பிராசசர் கிளாஸில் பிராசசர்ஐடி என்று 16 எழுத்தில் ஒன்று வரும், பார்க்கத் தனி எண் போலவே இருக்கும். உண்மையில் அது சிபியுஐடி கட்டளை தரும் இரண்டு விவரங்கள்: எந்தக் குடும்பம், எந்த மாடல் என்பது ஒரு பாதி, என்னென்ன வசதிகள் உண்டு என்பது மறுபாதி. ஒரே மாடல் சிபியு உள்ள ஆயிரம் கணினிகளிலும் இது ஒன்றுதான்.

உண்மையான சிபியு சீரியல் எண் ஒரு காலத்தில் இருந்தது. 1999-இல் வந்த பென்டியம் 3-இல் இன்டெல் 96 பிட் எண் ஒன்றை வைத்தது. எந்த மென்பொருளும் அதைப் படித்து ஆளைப் பின்தொடரலாம் என்று பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அடுத்து வந்த சிபியுக்களில் அதை விட்டுவிட்டார்கள். பழைய பாடத்தைப் படித்தவர்கள் இன்னும் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மேக் முகவரி?

நெட்வொர்க் கார்டின் 48 பிட் எண். முதல் 24 பிட் தயாரிப்பாளருக்கு ஒதுக்கப்பட்டது, மீதி 24 பிட் அவர்கள் கொடுப்பது. ஒரு காலத்தில் நல்ல அடையாளம்தான். இப்போது மடிக்கணினியில் வைஃபைக்கு ஒன்று, புளூடூத்துக்கு ஒன்று, டாக்கில் செருகினால் ஒன்று, விபிஎன் போட்டால் ஒன்று, விர்ச்சுவல் மெஷின் மென்பொருள் இருந்தால் அது உருவாக்கியவை இரண்டு. "முதல் கார்டை எடு" என்று எழுதினால் இன்று ஒன்று வரும், டாக்கைக் கழற்றினால் வேறு வரும். போதாததற்கு வைஃபைக்குத் தற்செயல் முகவரி போடும் வசதியை இயங்குதளங்களே தருகின்றன.

ஒரு சின்ன உத்தி: முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலையில் கொடுத்தது அல்ல, மென்பொருள் வைத்தது. அதை ஒதுக்கிவிடுங்கள்.

பைத்தானில் யூயூஐடி தொகுதியின் கெட்நோட் ஃபங்ஷனைப் பயன்படுத்துபவர்கள் கவனிக்க. மேக் முகவரி கிடைக்காவிட்டால் அது பிழை சொல்லாது, 48 பிட்டில் தற்செயல் எண் ஒன்றை உருவாக்கிக் கொடுத்துவிடும். ஒரே ஓட்டத்தில் எத்தனை தடவை கேட்டாலும் அதே எண். நிரலை மூடித் திறந்தால் புது எண். இரண்டாவது எழுத்து ஒற்றைப்படையாக வந்தால் நீங்கள் வாங்கியிருப்பது அந்தக் கற்பனை எண்தான்.

டிஸ்க்கின் சீரியல் எண்ணை எடுக்கிறேன். சில கணினிகளில் எழுத்துகள் இடம் மாறி வருகின்றன.

1234 என்பது 2143 என்று வருகிறதா? ஏடிஏ டிஸ்க்குகள் தங்கள் பெயரையும் சீரியலையும் இரண்டிரண்டு எழுத்தாக இடம் மாற்றித்தான் அனுப்பும். நடுவிலுள்ள டிரைவர் சில நேரம் அதைத் திருப்பிக் கொடுக்கும், சில நேரம் அப்படியே விடும். 20 எழுத்து இடத்தை நிரப்ப முன்னாலோ பின்னாலோ வெற்றிடமும் ஒட்டியிருக்கும். ஒப்பிடும் முன்பு வெற்றிடத்தை வெட்டுங்கள்.

எந்த டிஸ்க் என்பதும் முக்கியம். பட்டியலில் முதலில் வருவதை எடுத்த ஒரு நிரலை நான் பார்த்திருக்கிறேன். பென் டிரைவைச் செருகிவைத்து மறுதொடக்கம் செய்தால் லைசென்ஸ் போய்விடும், பிடுங்கினால் திரும்பிவிடும். இயங்குதளம் எந்தப் பகிர்வில் (பார்ட்டிஷனில்) இருக்கிறதோ, அந்தப் பகிர்வு எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று தேடிப் போய் அதன் எண்ணை எடுக்க வேண்டும். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் ரெய்டு கன்ட்ரோலருக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க்குகள் பல நேரம் தங்கள் எண்ணைக் காட்டுவதே இல்லை.

இன்னொன்று. வால் என்ற கட்டளை காட்டும் வால்யூம் சீரியலை டிஸ்க் சீரியல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அது ஃபார்மேட் செய்யும்போது உருவாகும் 32 பிட் எண். மறுபடி ஃபார்மேட் செய்தால் மாறும், அதை மாற்றவென்றே இலவசக் கருவியும் உண்டு.

லினக்ஸில்?

இடிசி கோப்புறைக்குள் மெஷின்-ஐடி என்ற கோப்பைத் திறந்து படியுங்கள், வேலை முடிந்தது. 32 எழுத்து, கடைசியில் ஒரு புதுவரிக் குறி. அதை வெட்ட மறக்காதீர்கள். இதுவும் விண்டோஸின் மெஷின்ஜியுஐடி போலத்தான்: நிறுவும்போதோ முதல் துவக்கத்திலோ உருவாவது, நகல் எடுத்தால் கூடவே போவது.

ஆனால் இந்த எண்ணை அப்படியே சர்வருக்கு அனுப்பக் கூடாது, இரகசியமாக நடத்த வேண்டும் என்று அதன் கையேட்டுப் பக்கமே சொல்கிறது. எல்லா மென்பொருளும் ஒரே எண்ணை வெளியே அனுப்பினால், யார் வேண்டுமானாலும் இரண்டு தரவுத்தளங்களை ஒட்டி ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? அதற்காக, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. உங்கள் மென்பொருளுக்கென்று ஒரு எண்ணைக் கொடுத்தால், மெஷின்-ஐடியைச் சாவியாக வைத்து எச்மேக் எஸ்எச்ஏ-256 (சாவியோடு சேர்த்து, திரும்பப் பிரிக்க முடியாத எண்ணாக மாற்றும் முறை) கணக்குப் போட்டு உங்களுக்கு மட்டுமான ஐடியைத் தரும். அந்த யோசனையை விண்டோஸிலும் நீங்களே செய்துகொள்ளலாம்; நான் செய்கிறேன்.

எஸ்எம்பயாஸ் யூயூஐடிக்கு சிஸ், கிளாஸ், டிஎம்ஐ, ஐடி என்ற பாதையில் ப்ராடக்ட்_யூயூஐடி கோப்பு உண்டு. ரூட் (நிர்வாகி) மட்டும்தான் படிக்க முடியும். சாதாரணப் பயனராக ஓடும் நிரலுக்கு அனுமதி மறுப்புதான் கிடைக்கும்.

ஆப்பிள் கணினிகளில்?

ஐஓரெக் கட்டளையில் ஐஓபிளாட்ஃபார்ம்எக்ஸ்பர்ட்டிவைஸ் என்ற பிரிவைக் கேட்டால் ஐஓபிளாட்ஃபார்ம்யூயூஐடியும் சீரியல் எண்ணும் ஒன்றாக வரும். நிரலிலிருந்து ஐஓகிட் வழியே அதையே எடுக்கலாம். வன்பொருளும் இயங்குதளமும் ஒரே கையில் இருப்பதால், "ஓஇஎம் நிரப்பவில்லை" போன்ற கூத்துகள் இங்கே இல்லை.

பல எண்களைச் சேர்த்து ஒரே ஐடி ஆக்குவது நல்லதா?

எல்லோரும் செய்வது இது: மதர்போர்டு, டிஸ்க், மேக் மூன்றையும் ஒட்டி, ஹேஷ் (எந்தத் தரவையும் குறிப்பிட்ட நீள எண்ணாகச் சுருக்கும் கணக்கு) எடுத்து, அதுதான் ஐடி. வலுவாகத் தெரியும். உண்மையில் மூன்றில் எது மாறினாலும் மொத்தமும் மாறிவிடும். எண்களைக் கூட்டக் கூட்ட உடையும் வாய்ப்புதான் கூடுகிறது.

நல்ல வழி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஹேஷ் எடுத்து, தனித்தனியாகச் சேமித்து, பெரும்பான்மை பொருந்தினால் அதே கணினி என்று ஏற்பது. மூன்றில் இரண்டு பொருந்தினால் ஏற்று, மாறிய ஒன்றைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் ஆக்டிவேஷனும் இந்த வழியைத்தான் பின்பற்றியது: பல பாகங்களைப் பார்க்கும், சில மாறினால் கண்டுகொள்ளாது, அளவுக்கு மேல் மாறினால்தான் மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லும்.

ஹேஷ் எடுத்தேன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வேறு எண் வருகிறது!

எந்த ஹேஷ் என்று பாருங்கள். பைத்தானின் ஹேஷ் ஃபங்ஷனையோ டாட்நெட்டின் கெட்ஹேஷ்கோடையோ கூப்பிட்டிருப்பீர்கள். பைத்தான் 3.3 முதல், சரங்களுக்கு அது ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு விடைதான் தரும். டாட்நெட் கோரிலும் அப்படியே. பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் இயல்பாக மாறாமல் இருந்ததால், நான் எழுதிய ஒரு நிரல் வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. புது டாட்நெட்டுக்கு மாற்றிய அன்று காலையில் எல்லா வாடிக்கையாளருக்கும் லைசென்ஸ் காலாவதி. எஸ்எச்ஏ-256 போடுங்கள்.

வெறும் எஸ்எச்ஏ-256 கூட மேக் முகவரியை மறைக்காது. தயாரிப்பாளர் பகுதி தெரிந்துவிட்டால் மீதியில் இருப்பது 1,67,77,216 சாத்தியங்கள்தான். சாதாரணக் கணினி நொடிகளில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடும். இரகசியச் சாவியோடு எச்மேக் எடுத்து வையுங்கள்.

விர்ச்சுவல் மெஷின், கன்டெய்னர்?

விர்ச்சுவல் மெஷினில் நீங்கள் படிக்கும் எல்லா எண்ணும், அதை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசர் சொல்லிக் கொடுத்தவை. விஎம்வேரில் மெஷினை வேறிடத்தில் வைத்துத் திறந்தால் "நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா" என்று கேட்கும். நகலெடுத்தேன் என்றால் யூயூஐடி மாறும், நகர்த்தினேன் என்றால் மாறாது. ஆக உங்கள் பூட்டு பயனரின் நேர்மையில் தொங்குகிறது. கன்டெய்னருக்குள் (ஒரு மென்பொருளைத் தேவையானவற்றோடு தனியாக அடைத்து ஓட்டும் சூழல்) மெஷின்-ஐடி கோப்பு பெரும்பாலும் வெறுமையாகவோ இல்லாமலோ இருக்கும். அங்கே ஹார்டுவேரைத் தேடாமல், முதல் ஓட்டத்தில் நீங்களே ஒரு யூயூஐடி உருவாக்கி நிலையான வால்யூமில் சேமித்துவிடுங்கள்.

இதை ஏமாற்ற முடியுமா?

முடியும், தாராளமாக. ரெஜிஸ்ட்ரி எண்ணை எழுதி மாற்றலாம், மேக் முகவரியை மாற்றலாம், உங்கள் நிரலில் "பொருந்துகிறதா" என்று சோதிக்கும் ஒற்றை ஜம்ப் கட்டளையைத் திருத்திவிடலாம். பூட்டு, நாணயமானவர் மறந்துபோய் மூன்றாவது கணினியில் நிறுவுவதைத் தடுக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். லைசென்ஸ் கோப்பை சர்வரின் தனிச்சாவியால் கையொப்பமிட்டு, நிரலில் பொதுச்சாவியை மட்டும் வைத்தால் போலி லைசென்ஸ் தயாரிப்பதையாவது தடுக்கலாம்.

உண்மையிலேயே உறுதி வேண்டுமென்றால் டிபிஎம் சிப் இருக்கிறது. 2021-இல் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0-ஐக் கட்டாயமாக்கியதால் புதுக் கணினிகளில் அது இருக்கும் என்று நம்பலாம். அதற்குள் உருவாக்கும் சாவி வெளியே வராது. சர்வர் அனுப்பும் சவாலுக்குச் சிப்பே கையொப்பமிட்டுத் திருப்பும். எண்ணைக் காட்டுவதற்கும், அந்தச் சிப் கையில் இருக்கிறது என்று நிரூபிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. வேலை அதிகம், சின்ன மென்பொருளுக்குத் தேவையில்லை.

பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் வழியே எடுக்கலாமா?

முடியாது. முடியக் கூடாது என்றுதான் பிரவுசரைக் கட்டியிருக்கிறார்கள்.

போனில்?

ஆண்ட்ராய்டில் ஆண்ட்ராய்டு ஐடி, ஐபோனில் ஐடென்டிஃபையர்ஃபார்வெண்டர். ஆண்ட்ராய்டு 8 முதல் அந்த ஐடி, செயலியின் கையொப்பச் சாவியைப் பொறுத்து வேறுபடும். ஐபோனில் உங்கள் செயலிகள் எல்லாவற்றையும் நீக்கி மறுபடி நிறுவினால் மாறும். ஐஎம்இஐ எண், ஆண்ட்ராய்டு 10 முதல் சாதாரணச் செயலிகளுக்குக் கிடைக்காது.

எழுதிய நிரலை எப்படிச் சோதிப்பது?

உங்கள் கணினியில் சரியாக வந்தால் எதுவும் நிரூபணமாகாது. ஐடியைக் குறித்துக்கொண்டு, பிறகு வைஃபையை அணைத்துப் பாருங்கள். பென் டிரைவைச் செருகி மறுதொடக்கம் செய்யுங்கள். விபிஎன் போடுங்கள். அட்மின் இல்லாத கணக்கிலிருந்து ஓட்டுங்கள், 32-பிட்டாகவும் கட்டி ஓட்டுங்கள். ஒரு விர்ச்சுவல் மெஷினை நகலெடுத்து இரண்டிலும் ஓட்டி ஒப்பிடுங்கள். உதிரிப் பாகங்களில் கட்டிய கணினி ஒன்று நண்பரிடம் இருந்தால் அதைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்; அந்த விநோத மதிப்புகள் வேறெங்கும் சிக்காது. எதற்கு ஐடி மாறியது, எதற்கு மாறவில்லை என்று எழுதி, முதல் கேள்விக்கு நீங்கள் எழுதிவைத்த பதிலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் "என் ஐடியை ரீசெட் செய்யுங்கள்" என்று வாடிக்கையாளர் கேட்கும்போது அழுத்த, சர்வர் பக்கம் ஒரு பொத்தானையும் இப்போதே வைத்துவிடுங்கள்.